கையெழுத்து வாங்கும் வேலை

தொண்டு நிறுவனத்தில் களப்பணி பார்க்கிறவளுக்கு இரண்டு உறுப்பு கெட்டியாக இருந்தால் போதும்: வெயிலைத் தாங்க உச்சந்தலை, "மனு என்னாச்சு?" என்ற கேள்வியைத் தாங்கக் காது. ராஜபாளையத்தில் பதினான்கு வருடமாக நான் இந்த வேலை பார்க்கிறேன். மனித உரிமை, சுற்றுச்சூழல் நீதி என்று எங்கள் போர்டில் எழுதியிருக்கும். போர்டுக்குக் கீழே ஒரு பேன்சி ஸ்டோர் இருப்பதால் பாதிப் பேர் வளையல் கேட்டு மாடியேறி வருவார்கள், மீதிப் பேர் மனு எழுத வருவார்கள். வளையல் கேட்டவர்களாவது கீழே இறங்கியதும் வாங்கிவிடுவார்கள்.

மனு கொடுத்துவிட்டு ரசீதை மடித்துப் பர்சில் பத்திரமாக வைத்திருக்கும் என் இனத்து மக்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது, புரியவும் வேண்டாம், நல்லா இருக்கட்டும்.

இது என்ன வேலை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் என்னை நிற்கவைத்தே விசாரித்தார். ரிட்டையர்டு போலீஸ்காரர், விசாரணை அவருக்குக் கைவந்த கலை. "என்ன வேலைம்மா?" "தொண்டு நிறுவனம் சார்." "கவர்மெண்டா?" "இல்லை." "அப்ப கம்பெனியா?" "அதுவும் இல்லை சார். கவர்மெண்டும் கம்பெனியும் ஒழுங்கா நடக்குதான்னு ஜனங்களோட சேர்ந்து போய்க் கேக்கிற வேலை." அவர் தன் சர்வீஸில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை போல, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கேட்டா சொல்லுதாகளா?" "பெரும்பாலும் சொல்றதில்லை." "சொல்லலைன்னா?" "திரும்பக் கேப்போம்."

அந்த மனுஷருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "பரவாயில்லம்மா, ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் இதைப் பாத்துக்கிட்டு இருங்க."

நான் டீச்சர் ஆனது

எங்கள் தொழிலில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருகைத் தாளில் கையெழுத்து இருக்க வேண்டும். கூட்டம் என்றால் ஒரு கையெழுத்து. பயிற்சி என்றால் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாப்பாட்டுப் பொட்டலத்துக்குத் தனியாக ஒன்று. கையெழுத்து இல்லாத கூட்டம், எங்களுக்கு நிதி தருகிறவர்களைப் பொறுத்தவரை நடக்காத கூட்டம். கைநாட்டு அவர்களுக்கு ஆகாது. பெருவிரல் ரேகையைப் பார்த்தால் 'பெண்கள் இன்னும் அதிகாரம் பெறவில்லை' என்று குறிப்பு எழுதி அனுப்புவார்கள்.

அதனால் தளவாய்புரம் போகிற பாதையில் இருக்கும் கண்மாய்க்கரைத் தெருவில் (பேரை மாற்றித்தான் சொல்கிறேன், அவர்களுக்கு இருக்கிற தொல்லை போதும்) பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பேர் எழுதக் கற்றுக்கொடுத்தேன். பேர் மட்டும்தான். அ, ஆ என்று ஆரம்பித்தால் மாசக்கணக்காகும், அறிக்கையோ மார்ச்சுக்குள் போயாக வேண்டும். ஒவ்வொருத்தி பேரையும் கோலம் மாதிரி நான் வரைந்து காட்டினேன், அவர்கள் அதைப் பார்த்து வரைந்தார்கள். அன்றிலிருந்து தெருவில் எனக்கு டீச்சர் என்று பேர்.

தாளை நீட்டும்போது யாராவது "இதுல என்ன டீச்சர் எழுதியிருக்கு?" என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. "ஒண்ணுமில்லை, சும்மா ஆபீஸ் சமாச்சாரம், போடுங்க போடுங்க, சாம்பார் ஆறுது." அப்படிச் சாப்பாட்டு வரிசையில் நின்று அன்றைக்கு மூன்றாவது கையெழுத்தைப் போட்ட சீனியம்மா அக்கா, பேனாவை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "எங் கல்யாணத்துக்குக் கூட நான் இம்புட்டுத் தடவை சம்மதம் சொல்லல, டீச்சர்."

மஞ்சள் இட்லி

இந்தச் சீனியம்மா அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் வருவதெல்லாம் அவள் பாடுதான். வயது ஐம்பத்தைந்து இருக்கும். புருஷன் இல்லை. வீட்டு வாசலில் காலை நேர இட்லிக் கடை, அதுதான் வீட்டை நடத்துகிறது. பஞ்சாயத்துக் குழாயில் வாரத்துக்கு ஒருநாள் செத்த நேரம் தண்ணீர் வரும். மற்றபடி அரிசி ஊறப்போட, மாவாட்ட, அவிக்க எல்லாவற்றுக்கும் தெருக் கிணறுதான்.

கிணற்றுக்கு மேற்கே பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை ஒன்று வந்தது. ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் கட்டுகிற துணி அங்கிருந்து பாலாக வெளுத்து லாரியில் போகும். வெளுத்த தண்ணீர் ஓடையில் இறங்கிக் கண்மாய்க்குப் போகும், கண்மாயிலிருந்து கிணற்றுக்கு ஊறும். முதலில் குளித்தவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு அக்காவின் இட்லி மஞ்சள் பூத்தது. இதில் கூத்து என்னவென்றால், அவளிடம் இட்லி தின்றதே அந்தப் பட்டறை ஆட்கள்தான். ஒருநாள் ஒருத்தன், "என்னக்கா, இட்லி ஒரு மாதிரி வாடை அடிக்கு" என்று தட்டைத் தள்ளி வைத்தான். அந்த வாரத்திலேயே பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். தட்டைத் தள்ளியவன் எழுந்திருப்பதற்குள் அக்கா கரண்டியோடு வந்து முன்னால் நின்றாள்: "துணியை வெளுக்க வச்சிய, சரி. என் இட்லியப் பழுக்க வச்சுட்டு, வாடை அடிக்குன்னு என்கிட்டயே வந்து சொல்லுதியளாலே!"

உரிய அலுவலர்

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். நானும் அக்காவும் போனோம். கடையை அன்றைக்கு மூடிவிட்டு வந்தாள், வருகிற வழியெல்லாம் ஊறப்போட்ட அரிசியைப் பற்றியே புலம்பினாள். எங்கள் மனு நாலு பக்கம். சட்டப்பிரிவு, தீர்ப்பு, ஐக்கிய நாடுகள் சபை எல்லாம் அதில் இருந்தது. நடுப்பக்கத்தில் எங்கோ கிணறும் இருந்தது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் வ. புதுப்பட்டி சம்சாரி ஒருவர், பட்டாளத்திலிருந்து வந்து விவசாயம் பார்க்கிறவர், நிற்பதிலேயே தெரிந்தது. காட்டுப்பன்றி தோட்டத்தை அழிப்பது பற்றி மனு. கையில் தடித்த பைல், உள்ளே ஒவ்வொரு மனுவும் தேதிவாரியாக அடுக்கி நூல் கட்டியிருந்தது. பதில் எதுவும் வந்ததா அண்ணாச்சி என்று அக்கா பயந்து பயந்து கேட்டாள். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "வராம என்னம்மா, வரும். 'உமது மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது'ன்னு ஒவ்வொரு தடவையும் வரும், அந்த உரிய அலுவலர் யாருன்னுதான் ஆறு வருசமாத் தேடிக்கிட்டு இருக்கேன்."

விருந்தாளித் தண்ணி

மூன்றாவது மனுவுக்குப் பிறகு எங்களுக்கே அந்த உரிய அலுவலர் கிடைத்துவிட்டார்! தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க ஜீப்பில் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், நான் இல்லாத நாளாகப் பார்த்து, உச்சி வெயிலில். கீழே இறங்காமலே பாட்டிலை வெளியே நீட்டி, "தண்ணி பிடிச்சுக் குடுங்கம்மா" என்றிருக்கிறார். அக்காவின் அடுத்த வீட்டு மாரியம்மா ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தாள். சீல் வைத்து எடுத்துப் போனார்.

முடிவு வந்தது. குடிப்பதற்கு உகந்த நீர் என்று போட்டிருந்தது. பட்டறைக்காரர்கள் ஆய்வகத்தையே வளைத்துவிட்டார்கள் என்று நினைத்து, கொதித்துப்போய் ஒரு கண்டன அறிக்கையும் எழுதிவிட்டேன். நல்லவேளை, பத்திரிகைகளுக்கு அனுப்புமுன் தெருவில் போய்க் கேட்டேன். மாரியம்மா பாட்டிலை இரண்டு தரம் அலசி, வீட்டில் குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரை வடிகட்டி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று தெருவே பார்க்கக் கத்தினேன். அவள் என்னை, வளர்த்தவர்கள் சரியில்லாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்: "வீடு தேடி வந்த மனுசருக்கு அந்தக் கிணத்துத் தண்ணியவா குடுக்கச் சொல்லுதிய, டீச்சர்?"

அணில் பார்க்க வந்தவர்

எங்களுக்கு நிதி தருகிற இடத்திலிருந்து ஒருவர் சென்னையிலிருந்து களத்தைப் பார்வையிட வந்தார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கவர்மெண்டு சரணாலயம் வைத்துக் காக்கிற இந்தப் பக்கத்து மலை அணில் மேல் அவருக்கு அப்படி ஒரு காதல். காலை முழுக்க மலையடிவாரத்தில் கழுத்தை அண்ணாந்துகொண்டே நின்றார். கண்மாய்க்கரைத் தெருவுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. அக்கா கடையை மூடி, நல்ல சேலை கட்டி, கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வைத்துக் காலையிலிருந்து காத்திருந்தாள். அவர் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்தார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது அவருக்கு.

பிறகு வருத்தத்தை மாற்ற வேண்டுமே, செல்போனில் அணில் போட்டோக்களை அக்காவிடம் காட்டினார். இந்த அணிலுக்கு ஒரு ஆபத்து என்றால் டெல்லி வரைக்கும் கேட்கும் என்று பெருமையாகச் சொன்னார். அக்கா போனைக் கையில் வாங்கி, அதன் வாலின் நீளத்தை ஆசையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்: "இதை ஒருநாள் கூட்டியாந்து நம்ம கிணத்துல ஒரு வாய் குடிக்க விடுங்க சார், கவர்மெண்டு தன்னால ஓடியாந்துரும்."

கண் முகாம்

இப்போது சொல்லப்போவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. மதுரையில் மூன்று நாள் பயிலரங்கம், தலைப்பு 'முடிவெடுப்பதில் மக்கள் பங்கேற்பு'. நான் அங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மக்கள் பங்கேற்பைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பட்டறைக்காரர்கள் கண்மாய்க்கரைத் தெருவில் பந்தல் போட்டு இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். மேனேஜரே நின்று உபசரித்தாராம். நாற்காலி, டீ, வடை, வயசானவர்களுக்குக் கண்ணாடி. முடிந்ததும் ஒரு தாள் வந்தது. தெருவே வரிசையில் நின்று பேர் எழுதியது.

நான் திரும்பி வந்ததும் மாரியம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள்: "நம்ம கூட்டம் மாதிரியேதான் டீச்சர் நடந்துச்சு, என்ன, வடை மட்டும் கொஞ்சம் பெருசு."

மேனேஜரின் நன்றி

அதே மாதத்தில் எங்கள் மனு மேல் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மேசை மேல் அந்தத் தாள் கிடந்தது. 'பட்டறையை விரிவாக்கம் செய்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, கிணற்று நீர் குறித்துப் புகார் எதுவும் இல்லை.' கீழே முழுத் தெருவும் வரிசையாக. எல்லாம் என் எழுத்து! சீனியம்மா என்பதில் கடைசித் துணைக்காலை அழகுக்காக ஒரு சுழி சுழித்துக் கற்றுக்கொடுத்திருந்தேன். அந்தச் சுழி அச்சு மாறாமல் அப்படியே இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நான் அதையும் அடுத்தவர் வீட்டுக்கு வைத்திருந்தேன். பட்டறை பெரிதானால் அந்தக் கிணறு அவ்வளவுதான், அக்காவின் அடுப்பும் அவ்வளவுதான்.

ஆட்சேபணை இருந்தால் ஜனங்களே நேரில் வந்து சொல்லட்டும், அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள் என்று அதிகாரி முடித்துவிட்டார். வராண்டாவில் மேனேஜர் என்னைத் தேடி வந்து கும்பிட்டார். கிண்டல் என்றால் திட்டியிருப்பேன், அந்த ஆள் மனசாரத்தான் சொன்னார்: "உங்களுக்குத்தான் மேடம் நன்றி சொல்லணும், மத்த ஊர்ல கைநாட்டு வாங்கி மை துடைக்கவே எங்களுக்கு அரை நாள் ஆயிரும்."

ஏட்டி

அன்று சாயங்காலமே தெருவில் எல்லோரையும் உட்காரவைத்து அந்தத் தாளின் நகலை வாசித்தேன். மாரியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் மேனேஜரைத் திட்டினேன், ஏமாற்று வேலை என்றேன், கேஸ் போடலாம் என்றேன். பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சீனியம்மா அக்கா எழுந்து வந்து தாளை வாங்கி, தன் பேர் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அன்றைக்கு அவள் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை: "ஏட்டி, பேரை எழுதச் சொல்லிக் குடுத்தியே, மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்கச் சொல்லிக் குடுத்தியா?"

அழுதுவிட்டேன். அழுதால் ஆகிற காரியமா? மறுநாள் காலை கடை முடிந்ததும் அவள் வாசலில் போய் உட்கார்ந்தேன், இந்தத் தடவை அ, ஆ. எழுத்துக் கூட்ட வந்ததும் அந்த 'ஆட்சேபணை இல்லை' தாளையே பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டோம். அதிகாரிக்கு மாறுதல் வந்தது, பிறகு தேர்தல் வேலை வந்தது, கூட்டம் மூன்று தடவை தள்ளிப்போனது. கவர்மெண்டின் தாமதத்துக்கு நான் கைகூப்பி நன்றி சொன்னது அந்த ஒரு சமயம்தான். நாலாவது மாதம் அக்கா தட்டுத் தடுமாறி ஒரு பக்கம் படித்தாள். எங்கள் டைரக்டருக்கு மட்டும் பொறுக்கவில்லை: "பேர் எழுதினா போதும்னு திட்டத்துல இருக்கு மேடம், படிக்க வைக்கிறது அடுத்த கட்டம், அதுக்கு இன்னும் நிதி வரலை."

கூட்டத்தில்

கடைசியில் கூட்டம் நடந்தது. தெருவே வந்தது. புது அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். இந்தத் தடவை அக்காவே பித்தளைச் செம்பில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, மாரியம்மாவை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவர் மேசையில் வைத்தாள். அவர் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். மேனேஜருக்குப் பேச்சு குறைந்தது. விரிவாக்கம் இப்போதைக்கு இல்லை, பட்டறையின் பழுதான கழிவுநீர்த் தொட்டியை விரைவில் சீர்செய்வது, அதுவரை பட்டறைச் செலவில் லாரித் தண்ணீர் என்று முடிவாகி, தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். நான் ஒரு ஓட்டம் படித்துப் பார்த்தேன், உள்ளுக்குள் ஒரே துள்ளல். சாப்பாட்டு நேரம் வேறு ஆகிவிட்டது. முதல் பேர் சீனியம்மா.

அவள் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் எழுத்தில் விரலை வைத்து வாய்விட்டு ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, ஒரு வார்த்தை சேர்வதற்குள் மின்விசிறி எத்தனையோ சுற்றுச் சுற்றியது. பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்து, அவள் திணறுகிற இடத்தில் எழுத்தை எடுத்துக்கொடுத்தார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார். "அதான் டீச்சர் படிச்சுட்டாங்கல்ல, போடுங்கம்மா" என்றார் அதிகாரி. பழக்க தோஷம், எனக்கே "போடுங்க போடுங்க" என்று வாய் வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் கழித்து அக்காவின் விரல் ஒரு இடத்தில் நின்றது. அதை இரண்டாம் தடவை படித்துப் பார்த்தாள். பிறகு தாளை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தாள்: "இதுல 'விரைவில்'னு போட்டிருக்கு சார், என்னைக்குன்னு தேதியப் போடுங்க, பொறவு நான் பேரைப் போடுறேன்."

தேதி போட்டார்கள். அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் பிந்தித்தான் தொட்டி வேலை முடிந்தது. அந்த ஒன்பது நாளும் அக்கா தாளோடு பட்டறை வாசலில் போய் நின்றாள். கிணறு தெளிய இன்னும் இரண்டு மழைக்காலமாவது வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு லாரித் தண்ணீரில் இட்லி வெள்ளையாக வருகிறது, பட்டறை ஆட்களும் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆக, இந்தப் பதினான்கு வருடத்தில் நான் வாங்கிய ஆயிரக்கணக்கான கையெழுத்துகளில் ஜனங்களுக்கு உபயோகப்பட்டது, ஒருத்தி அரை மணி நேரம் போடாமல் வைத்திருந்த அந்த ஒன்றுதான்.